ஆடாத ஆட்டக்காரர்

கவிதையை விமர்சிப்பவர் முன்னே கவிதை இருக்கிறது. நாடகத்தை விமர்சிப்பவர் நாடகத்தைக் கண்ட பின்னரே எழுத அமர்கிறார். எழுதப்படாத ஒரு கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதப்பட்ட கவிதையைக் குறைகூறும் திறனாய்வாளர் எவரேனும் இருப்பாராயின் அவரை நாம் பொருட்படுத்தமாட்டோம். காற்பந்தாட்ட ரசிகரின் விமர்சனமோ முழுவதும் இந்த அடித்தளத்தின் மீதே எழுப்பப்பட்டிருக்கிறது. “அவரை இறக்கியிருந்தால்” என்றும், “இவரை வெளியே எடுக்காதிருந்தால்” என்றும், நிபந்தனை எச்சத்தில் தொடங்காத வாக்கியம் அவருடைய உரையாடலில் அரிது. நடந்த ஆட்டத்தைக் கொண்டு நடவாத ஆட்டத்தை அவர் படைக்கிறார். பிறகு நடவாததை உரைகல்லாக வைத்து நடந்ததை மதிப்பிடுகிறார்.

இதனை வீண்பேச்சு என ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எந்த வினைக்கு எவர் தகுதியானவர் என ஆராய்வது சிறிய செய்தியன்று. வள்ளுவரே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை இதற்கென ஒதுக்கினார். ஆலைத் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் வாரம் முழுவதும் பிறருடைய ஆணைக்குக் கீழ்ப்படிந்துவிட்டு, சனிக்கிழமை மாலையில் ஒரு தலைவரின் ஆணையை அலசி ஆராயும் உரிமையைப் பெறுகிறார்கள் என்றால், அந்த உரிமையை நான் பறிக்கமாட்டேன். ஆனால் அது விமர்சனம் என்னும் பெயருக்குத் தகுதி பெற வேண்டுமாயின், விமர்சனத்துக்குரிய நேர்மை அதனிடம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதே என் வினா. இதற்கு ஆல்ஃப் ராம்சி என்னும் ஒரு மனிதரைப் பற்றி இங்கிலாந்து நாட்டு ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசி வருவதையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டில் ஆட்டக்காரர்களைத் தேர்பவரும் ஆட்ட உத்தியை வகுப்பவரும் ஒருவரே. மேலாளர் என்பது அவர் பதவியின் பெயர்.

ஒருவரே என்றேன், ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. ராம்சிக்கு முன்னர், இங்கிலாந்துத் தேசிய அணியைக் காற்பந்துச் சங்கத்தின் தேர்வுக் குழுவே தேர்ந்தெடுத்தது. மேலாளராக இருந்த வால்டர் விண்டர்பாட்டம் குழு கொடுத்த பதினொருவரைப் பயிற்றுவித்தார். 1950ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்குக் குழு முழுவதும் செல்லவில்லை. ஆர்தர் ட்ரூரி என்னும் ஒரே தேர்வாளர் சென்றார். முதல் ஆட்டத்தில் சிலியை வென்ற அணியை மாற்ற அவர் விரும்பவில்லை. ஆகவே ஜூன் 29 அன்று பெலோ ஹொரிசாந்தே நகரில் அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில், அந்நாளில் உலகம் வியந்த ஓரக்கள வித்தகர் ஸ்டான்லி மாத்யூஸ் பார்வையாளராக அமர்ந்திருந்தார். இங்கிலாந்து 0-1 என்று தோற்றது. “மாத்யூஸ் ஆடியிருந்தால்” என்ற வாக்கியம் அன்று பிறந்தது. இன்றளவும் அது சாகவில்லை. அந்த ஆட்டத்தில் வலப்புறப் பின்கள ஆட்டக்காரராக நின்று அந்த அவமானத்தைச் சுமந்தவர்களுள் ராம்சியும் ஒருவர்.

அதனாற்போலும், 1963இல் மேலாளர் பொறுப்பை ஏற்றபோது, தேர்வு முழுவதும் தம் கையில் இருக்க வேண்டும் என்பதை அவர் நிபந்தனையாக வைத்தார். சங்கமும் இசைந்தது. முன்பு ரசிகர்கள் குறைகூற விரும்பினால் முகமற்ற ஒரு குழுவைக் குறைகூற வேண்டியிருந்தது. இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. ஒருவரே முடிவெடுக்கிறார் என்றால் ஒருவரே பழி சுமக்கிறார். ராம்சி கேட்டு வாங்கியது அதிகாரத்தை மட்டுமன்று.

அவர் பேச்சில் வல்லவர் அல்லர்; பத்திரிகையாளரை மகிழ்விக்கும் கலையும் அவருக்கு வரவில்லை. ஆனால் இப்ஸ்விச் என்னும் சிற்றூர்க் கழகத்தை மூன்றாம் பிரிவிலிருந்து உயர்த்தி, 1962இல் முதற்பிரிவின் வாகையராக்கியவர். 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையை இங்கிலாந்து வெல்லும் என்று அவர் முன்கூட்டியே சொன்னபோது பலரும் நகைத்தனர்.

போட்டி இங்கிலாந்திலேயே நடந்தது. முதல் ஆட்டத்தில் உருகுவேயுடன் கோலின்றிச் சமநிலை; கூட்டம் முணுமுணுத்தது. அடுத்து மெக்சிகோவையும் பிரான்சையும் 2-0 என வென்றார்கள். இந்த மூன்று ஆட்டங்களிலும் ஓரக்கோட்டை ஒட்டி ஓடிப் பந்தை நடுவே அனுப்பும் விங்கர் ஒருவரை ராம்சி சேர்த்துப் பார்த்தார். முதலில் ஜான் கான்னலி, பிறகு டெரி பெய்ன், பிறகு இயன் காலகன். மூவரும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. காலிறுதி முதல் விங்கரே இல்லாத அணியை அவர் இறக்கினார்.

பிரான்சுடனான ஆட்டம் இன்னும் இரு சிக்கல்களைக் கொண்டுவந்தது. நாபி ஸ்டைல்ஸ் என்னும் நடுக்கள ஆட்டக்காரர் பிரெஞ்சு வீரர் ஒருவரைக் கடுமையாக மோதி வீழ்த்தினார். அவரை நீக்கிவிடலாமே எனச் சங்க நிர்வாகிகளிடமிருந்து நெருக்குதல் வந்தது. ஸ்டைல்ஸ் போனால் தாமும் போவதாக ராம்சி தெரிவித்துவிட்டார். தேர்வுக் குழு ஒழிந்தாலும் தேர்வுக் குழுவின் ஆசை ஒழியவில்லை என்பதற்கு இது சான்று. மற்றொரு சிக்கல் ஜிம்மி கிரீவ்ஸ். அவர் காலில் காயம் பட்டு, தையல் போடப்பட்டது.

கிரீவ்ஸ் யாரென அறியாதோர்க்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன்: இங்கிலாந்துக்காக 57 ஆட்டங்கள், 44 கோல்கள். கோலடிப்பதை அவர் உழைப்பாகச் செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போவது போலச் செய்தார் என்பர். அவருக்குப் பதிலாக வந்த ஜெஃப் ஹர்ஸ்ட், அவ்வாண்டு பிப்ரவரியில்தான் முதன்முறையாகத் தேசிய அணியில் ஆடியவர். காலிறுதியில் அர்ஜென்டினாவை வென்ற ஒரே கோல் ஹர்ஸ்டின் தலையால் வந்தது. அரையிறுதியில் பாபி சார்ல்டனின் இரு கோல்களால் போர்ச்சுகல் வீழ்ந்தது. இறுதியாட்டத்துக்குள் கிரீவ்ஸ் குணமாகிவிட்டார். நாடெங்கும் ஒரே விவாதம். கிரீவ்ஸ் திரும்ப வேண்டும், யாரை நீக்குவது? ஹர்ஸ்டையா? ஓய்வின்றி ஓடினாலும் கண்ணுக்கு விருந்தளிக்காத ரோஜர் ஹண்ட்டையா?

இந்த விவாதத்தில் எடைபோட வேண்டியவை எல்லாம் அன்றே வெளிப்படையாக இருந்தன. கிரீவ்ஸ் அதற்கு முந்திய குளிர்காலத்தில் மஞ்சட்காமாலையால் வாடியவர். தொடரின் மூன்று ஆட்டங்களில் அவர் கோல் ஏதும் அடிக்கவில்லை. இகழப்பட்ட ஹண்ட்டோ மூன்று கோல் அடித்திருந்தார். மறுபுறம், மேதைமை உறங்கிக்கொண்டிருந்தாலும் மேதைமையே. ஒரு நொடியில் விழித்தெழும். இரு பக்கமும் நியாயம் உண்டு. ராம்சி வென்ற அணியை மாற்றாமல் விட்டார். 1950இல் ட்ரூரி செய்ததும் இதுவேதான் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

ஜூலை 30. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கையில் இங்கிலாந்து 2-1 என முன்னணியில் நிற்க, மேற்கு ஜெர்மனியின் வெபர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுக் கீழே தெறித்தது. கோட்டைக் கடந்ததா, இல்லையா? சுவிட்சர்லாந்து நடுவர் டீன்ஸ்ட், சோவியத் நாட்டுக் கோட்டு நடுவர் பக்ரமோவிடம் ஓடிக் கேட்டார். பக்ரமோவ் கோல் என்றார். ஹர்ஸ்ட் இன்னொரு கோலும் அடிக்க, 4-2. உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் மனிதரானார் அவர். அடுத்த ஆண்டு ராம்சி, சர் ஆல்ஃப் ஆனார்.

அன்று மாலையே விவாதம் முடிந்துவிட்டது. கிரீவ்ஸ் வேண்டும் என்றவர்களெல்லாம் ராம்சியின் தொலைநோக்கைப் போற்றினர். என் குறை இங்கேதான் தொடங்குகிறது. முந்திய நாள் இருபுறமும் நியாயம் கொண்டிருந்த ஒரு வினா, மறுநாள் ஒருபுறமே நியாயம் கொண்டதாக எப்படி மாறியது? கிரீவ்ஸைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. ஹர்ஸ்ட் நன்றாக ஆடினார் என்பது மட்டுமே தெரிந்தது. கிரீவ்ஸ் எப்படி ஆடியிருப்பார் என்பது அன்றும் தெரியாது, என்றும் தெரியாது. பக்ரமோவ் தலையை வேறு விதமாக அசைத்திருந்தால், ராம்சி ஒரு மேதையை வெளியே உட்காரவைத்த பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கியிருக்கக்கூடும். ஒரு முடிவின் தகுதி, அம்முடிவை எடுத்தவர் அறிந்திராத ஒரு கோட்டு நடுவரின் கண்ணில் தொங்குமாயின், நாம் மதிப்பிடுவது முடிவையா, அதிர்ஷ்டத்தையா?

நான்கு ஆண்டுகள் கழித்து, அதே வினாவின் மறுபக்கத்தை மெக்சிகோ காட்டியது.

1970 உலகக் கோப்பையில் விதி ஒன்று மாறியிருந்தது. ஆட்டத்தின் நடுவே இருவரை மாற்றிக்கொள்ள அணிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1966இல் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. விசில் ஊதியபின் மேலாளர் ரசிகரைப் போலவே கைகட்டிப் பார்த்திருந்தார். புதிய விதி அவருக்கு ஒரு கருவியைத் தந்தது, ரசிகருக்கு ஒரு குற்றப்பத்திரிகையைத் தந்தது. இனி யாரை இறக்கினார் என்பது மட்டுமன்று, யாரை எப்போது எடுத்தார் என்பதும் வழக்கு. போதாக்குறைக்கு, அவ்வாண்டு ஐடிவி தொலைக்காட்சி ஆட்ட வல்லுநர்கள் நால்வரை வரிசையாக உட்காரவைத்து விவாதிக்கச் செய்தது. மதுக்கடை மேசையின் பேச்சு அரங்கேறிவிட்டது.

ஜூன் 14, லெயோன் நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், உச்சிவெயில், காலிறுதி. எதிரணி மீண்டும் மேற்கு ஜெர்மனி. கோல்காப்பாளர் கார்டன் பாங்க்ஸ் வயிற்று நோயால் படுத்துவிட, பீட்டர் பொனெட்டி நின்றார். மல்லரியும் பீட்டர்ஸும் அடிக்க, இரண்டாம் பாதித் தொடக்கத்தில் இங்கிலாந்து 2-0. அறுபத்தெட்டாம் நிமிடத்தில் பெக்கன்பவர் ஒன்று திருப்பினார். சற்று நேரத்தில் ராம்சி பாபி சார்ல்டனை வெளியே அழைத்து, காலின் பெல்லை அனுப்பினார். பிறகு பீட்டர்ஸுக்குப் பதிலாக ஹண்டர் வந்தார். எண்பத்திரண்டில் ஸேலர் பின்னந்தலையால் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ம்யூலர். 2-3.

சார்ல்டனை எடுத்ததால் தோற்றோம் என்பது தீர்ப்பாயிற்று. அவருக்கு அப்போது வயது 32. மூன்று நாளில் அரையிறுதி; அந்த வெயிலில் அவரைக் காக்க வேண்டும் என ராம்சி எண்ணினார். பிழையான எண்ணமா? இருக்கலாம். ஆனால் கவனியுங்கள், சார்ல்டன் வெளியேறியதும் ஜெர்மனி உயிர்பெற்றது என்றே பலரும் இக்கதையைச் சொல்வர். பெக்கன்பவரின் கோல் விழுந்தபோது சார்ல்டன் களத்தில்தான் இருந்தார். நினைவு, தன் தீர்ப்புக்கு ஏற்றவாறு நிமிடங்களின் வரிசையை மாற்றிக்கொள்கிறது. இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். 2-1 என நிற்கையில், மாற்றாக வந்த அதே பெல் அனுப்பிய பந்தை ஹர்ஸ்ட் தலையால் திருப்பினார். அது மறு கம்பத்தை ஒட்டி வெளியே போயிற்று. உள்ளே போயிருந்தால், சார்ல்டனை எடுத்தது மதிநுட்பத்தின் உச்சம் என்று பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். (நான்கு நாள் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் ஹெரால்டு வில்சன் தோற்றதற்கும் லெயோனைக் காரணம் காட்டியோர் உண்டு. ஆடவே வராத ஒருவர் மீதும் பழி விழலாம் போலும்.)

உண்மையில் லெயோனில் ராம்சி மீது சாட்டத்தக்க ஒரு குறை உண்டு. ஐம்பத்தைந்தாம் நிமிடத்தில் ஜெர்மனியின் ஹெல்முட் ஷோன், கிராபோவ்ஸ்கி என்னும் புத்துயிருள்ள விங்கரை இறக்கினார். அவர் வெயிலில் களைத்துப்போன இடப்புறப் பின்கள ஆட்டக்காரர் டெரி கூப்பரை அலைக்கழித்தார். இதைக் களத்தில் எவரும் காணலாம். கண்டு மாற்றும் விதியும் கையில் இருந்தது. ராம்சி கூப்பரை மாற்றவில்லை. விங்கர்களைத் துறந்து உலகை வென்றவர் ஒரு விங்கரைத் தடுக்க வழிசெய்யவில்லை என்ற இந்த விமர்சனத்தை நான் மதிக்கிறேன். ஏனெனில் இது முடிவைக் கொண்டு பின்னோக்கித் தீர்ப்புச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அறியக்கூடியதைக் கொண்டு கேட்கிறது. ஆயினும் கூப்பரின் பெயர் சார்ல்டனின் பெயரைப் போல ஒலிப்பதில்லை. ரசிகர் விவாதம் காரணத்தை நாடுவதைவிடப் புகழ்பெற்ற பெயரை நாடுகிறது.

பெயர் கிடைக்காவிடில் பலியாள் கிடைத்தால் போதும். பொனெட்டி அன்று ஏமாந்தார் என்பது உண்மையே. அவர் அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கு ஒருமுறையும் ஆடவில்லை. தம் கழகத்துக்காக நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் கோலைக் காத்த ஒருவரை, 2020இல் அவர் இறந்தபோதுகூட, அந்த ஒரு பிற்பகலோடு சேர்த்தே நினைத்தனர். பாங்க்ஸ் இருந்தால் அந்த மூன்றையும் தடுத்திருப்பார் என்பர். படுக்கையில் கிடந்த பாங்க்ஸ் எந்தப் பந்தையும் விடவில்லை. எப்படி விடுவார்?

இவ்வளவும் சொன்னபின், ரசிகருக்கு உரியதை ரசிகருக்குக் கொடுத்தாக வேண்டும். அவருடைய விமர்சனத்தில் வேறொரு வகை உண்டு. அதை எந்த முடிவாலும் மறுக்க முடியாது. ராம்சி வென்றபோதே, இந்த வெற்றி எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்டவர்கள் இருந்தனர். மாத்யூஸும் டாம் ஃபின்னியும் ஓரக்கோட்டில் பந்தோடு நின்று எதிராளியை ஏங்கவைத்த அந்த நொடிக்காகவே மழையில் நின்று காசு கொடுத்து ஆட்டம் பார்த்த தலைமுறை அது. ராம்சியின் அணி அந்த நொடியை நீக்கிவிட்டு உழைப்பை வைத்தது. அவருக்குக் காரணம் இருந்தது: தேடிப் பார்த்தார், தகுந்தவர் கிடைக்கவில்லை. ஆனால் அவரைப் பின்பற்றிய கழக மேலாளர்கள் தேடிப் பாராமலே விங்கரை ஒதுக்கினர் என்று அந்த ரசிகர்கள் வருந்தினர். “இது வெல்லும், ஆனால் நாங்கள் காண வந்தது இதுவன்று” என்று சொல்பவர், கோட்டு நடுவரின் கண்ணை நம்பி இல்லை. அவர் ஓர் ஆட்டம் எதற்காக இருக்கிறது என்று கேட்கிறார். இலக்கியத் திறனாய்வாளர் கேட்பதும் அதையே. 4-2 என்ற எண்ணிக்கை அவருக்கு விடையாகாது. 2-3 என்பது அவரை மெய்ப்பிப்பதுமில்லை. நான் அறிந்தவரை, ராம்சியைப் பற்றிய பேச்சுகளுள் மங்காமல் நிற்பது இது ஒன்றே. மற்றவை எண்ணிக்கையின் எதிரொலி.

ஆனால் எதிரொலிதான் உரத்துக் கேட்கிறது. 1973 ஜூன் 6 அன்று போலந்தின் கோஷூவ் நகரில் நடந்த தகுதியாட்டத்தில், 1966இன் அணித்தலைவர் பாபி மூர் பந்தைத் தாமதித்து வைத்திருக்க, லுபான்ஸ்கி பறித்துக்கொண்டு போய்க் கோலடித்தார். இங்கிலாந்து 0-2 எனத் தோற்றது. மூரின் காலம் முடிந்தது, ராம்சிக்கு நன்றியுணர்ச்சி கண்ணை மறைக்கிறது என்றனர். அக்டோபர் 17 அன்று வெம்பிளியில், வென்றே தீர வேண்டிய மறு ஆட்டத்தில், ராம்சி மூரை வெளியே அமர்த்தி நார்மன் ஹண்டரை இறக்கினார். ஐம்பத்தேழாம் நிமிடத்தில் ஓரக்கோட்டருகே ஹண்டர் பந்தை இழந்தார். லாட்டோ ஓடினார், டோமார்ஸ்கி அடித்தார். அந்தக் கணமே, நான்கு மாதத்துக்கு முன் கோஷூவில் பந்தை இழந்த மூர், எந்நாளும் பந்தை இழந்திராத மூராகிவிட்டார். வெளியே அமர்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் பூரணத்துவம் அது. களத்தில் கால் வைத்த எவருக்கும் அது வாய்ப்பதில்லை.

கிளார்க் தண்ட உதையால் சமன் செய்தார். போலந்தின் தொமாஷெவ்ஸ்கி வந்ததையெல்லாம் தடுத்துக்கொண்டே இருந்தார். ராம்சி மாற்று ஆட்டக்காரரை அனுப்பவில்லை. மூர் அவரருகே அமர்ந்து அனுப்புமாறு வற்புறுத்தினார் என்பர். லெயோனில் சீக்கிரம் மாற்றினார் என்று மூன்றாண்டு கேட்ட மனிதர் அவர். ஏறக்குறைய இரண்டே நிமிடம் இருக்கையில் கெவின் ஹெக்டரை இறக்கினார். ஹெக்டர் தலையால் அடித்த பந்து கோட்டருகே தடுக்கப்பட்டது. 1-1. இங்கிலாந்து 1974 உலகக் கோப்பைக்குச் செல்லவில்லை. அவ்வாண்டே ராம்சி பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இம்முறை குற்றச்சாட்டு, தாமதமாக மாற்றினார் என்பது.

கிரீவ்ஸ் 1966 இறுதிக்குப் பின் இங்கிலாந்துக்கு மூன்றே ஆட்டங்கள் ஆடினார். அந்நாளில் இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவருக்கு மட்டுமே பதக்கம் கொடுக்கப்பட்டது. விதி மாறி, அணியில் இருந்த அனைவருக்கும் வழங்க முடிவானபோது, 2009இல் அவர் கைக்கும் ஒன்று வந்தது. ராம்சி அதற்குப் பத்தாண்டு முன்னரே காலமாகியிருந்தார். கிரீவ்ஸ் 2021இல் இறந்தார். ஹர்ஸ்டின் மூன்று கோல்களைப் பற்றிப் பேசும் எந்த மேசையிலும், பேச்சு ஓய்வதற்குள், எவரேனும் ஒருவர் அவர் பெயரை எடுத்துவிடுகிறார்.